லேப்டாப் யூஎஸ்பி போர்ட்டில் பவர் தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென் டிரைவைச் செருகினால் விளக்கு எரியாது. ஹார்ட் டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். மவுஸ் திடீரென்று நின்றுபோகும், பிடுங்கிச் செருகினால் பிழைத்துக்கொள்ளும். இதையெல்லாம் ‘போர்ட் போச்சு’ என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். பல சமயம் போர்ட் நன்றாகத்தான் இருக்கும். அளவுக்கு மீறி இழுக்கிற சாதனத்திடமிருந்து தப்பிக்க அதுவே மின்சாரத்தை நிறுத்தியிருக்கும், இல்லாவிட்டால் பாதி மின்சாரம் கேபிளிலேயே கரைந்திருக்கும். அதனால் இங்கே டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்), செட்டிங் எல்லாம் கொஞ்சம் தள்ளித்தான் வரும். முதலில் கம்பியும் கரண்டும்.

ஒரு யூஎஸ்பி போர்ட் எவ்வளவு மின்சாரம் தரும்?

சாதாரண செவ்வக போர்ட்டில், அதாவது டைப்-ஏ போர்ட்டில், எப்போதும் 5 வோல்ட்தான். மாறுவது ஆம்பியர் மட்டும். யூஎஸ்பி 2.0 விதிப்படி 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3.0 விதிப்படி 900 மில்லிஆம்பியர். வாட்டில் சொன்னால் முறையே 2.5, 4.5. அதுவும் செருகியதுமே முழுசாகக் கிடைத்துவிடாது. யூஎஸ்பி 2.0 சாதனம் முதலில் 100 மில்லிஆம்பியருக்குள் அடங்கி நின்று, தான் யார், எவ்வளவு வேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகுதான் மீதியை எடுக்க வேண்டும். விசிறி, விளக்கு மாதிரியான சின்னச் சாமான்கள் இந்த மரியாதையெல்லாம் பார்ப்பதில்லை. கிடைத்ததை இழுத்துக்கொள்ளும்.

டைப்-சி போர்ட் தனி உலகம். அதே 5 வோல்ட்டில் 1.5 ஆம்பியரோ 3 ஆம்பியரோ தருவதாக அது அறிவிக்க முடியும். பவர் டெலிவரி என்ற ஏற்பாடு இருந்தால் வோல்ட்டும் ஏறும். முதலில் 20 வோல்ட், 100 வாட் வரைக்கும் இருந்தது, 2021இல் வந்த 3.1 பதிப்பில் 48 வோல்ட், 240 வாட் வரை போனது. இவையெல்லாம் உச்ச வரம்புகள். உங்கள் லேப்டாப்பின் டைப்-சி வெளியே கொடுப்பது பெரும்பாலும் 5 வோல்ட்டில் 1.5 அல்லது 3 ஆம்பியரோடு முடிந்துவிடும்.

கோளாறு போர்ட்டிலா, கேபிளிலா, சாதனத்திலா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் எது காரணம் என்று தெரியாமலே போகும்.

முதலில் கேபிள். அதே சாதனம், அதே போர்ட், வேறு கேபிள். சரியானால் பழைய கேபிளைத் தூக்கிப் போடுங்கள், ‘அவசரத்துக்கு உதவும்’ என்று மேசை டிராயரில் வைக்காதீர்கள். சரியாகவில்லையென்றால் அதே சாதனத்தை லேப்டாப்பின் வேறு போர்ட்டில், முடிந்தால் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். பக்கத்துப் பக்கத்து போர்ட்டுகள் இரண்டும் ஒரே பவர் சுவிட்ச் சிப்பிலிருந்து மின்சாரம் வாங்கலாம். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும், அதனால் பக்கத்து போர்ட்டை வைத்து முடிவுக்கு வர முடியாது. மூன்றாவதாக, அந்தச் சாதனத்தை வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள்.

போர்ட்டை மட்டும் சோதிக்க நல்ல ஆள், ஒயர் வைத்த பழைய மவுஸ். கொஞ்சம்தான் இழுக்கும், அடியில் சிவப்பு விளக்கு எரியும். மவுஸ் வேலை செய்து ஹார்ட் டிஸ்க் மட்டும் படுத்தால், போர்ட்டில் மின்சாரம் வருகிறது, போதவில்லை என்று பொருள். மவுஸ் விளக்கே எரியவில்லையென்றால் போர்ட் பக்கம் சந்தேகம் திரும்பும். ஒரு எச்சரிக்கை: சில மவுஸ்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குதான் இருக்கும். அது எரியவில்லை என்று போர்ட்டைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்து, விண்டோஸ் குற்றவாளியா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. லேப்டாப்பை ஆன் செய்ததும் பயாஸ் என்ற ஆரம்ப செட்டிங் திரைக்குள் போய்விடுங்கள். எஃப்2, எஃப்10, டெலீட், இவற்றில் ஏதாவது ஒன்று அங்கே அழைத்துப் போகும். அங்கே யூஎஸ்பி கீபோர்டைச் செருகி அம்புக்குறி விசைகள் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. இங்கேயும் கீபோர்டு உயிரில்லாமல் கிடந்தால் டிரைவரை நோண்டிப் பயனில்லை. இங்கே வேலை செய்து விண்டோஸுக்குள் போனதும் நின்றால், ஹார்டுவேரைத் தொடவே வேண்டாம்.

போன் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. போர்ட் பாதி செத்துவிட்டதா?

பெரும்பாலும் கேபிள்தான். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்கள் உண்டு, அவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பி மட்டும் இருக்கும், டேட்டாவுக்கான இரண்டும் இருக்காது. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

கேபிள் சரியென்றால், முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். டைப்-ஏ பிளக்கைக் கையில் எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தால் நான்கு தங்க நிறப் பட்டைகள் தெரியும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் நீளம், நடுவில் இருக்கும் இரண்டும் கொஞ்சம் குட்டை. ஓரத்து இரண்டு மின்சாரத்துக்கு, நடு இரண்டு டேட்டாவுக்கு. செருகும்போது மின்சாரம் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அரைகுறையாகச் செருகியிருந்தால் மின்சாரம் மட்டும் போகும். போர்ட்டுக்குள் தூசி அடைத்திருந்தாலும் இதே கதைதான்.

கடைசியாக, போன் திரையையும் ஒருமுறை பாருங்கள். பல போன்கள் ‘சார்ஜ் மட்டும்’ என்ற நிலையில்தான் இணையும். கோப்புப் பரிமாற்றம் என்று நாமாக மாற்ற வேண்டும்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ‘டிக் டிக்’ என்று அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. டிஸ்க் போச்சா?

போயிருக்கலாம். ஆனால் பயப்படுவதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள், ஏனென்றால் பட்டினி கிடக்கும் டிஸ்க்கும் இதே சத்தம்தான் போடும். உள்ளே இருக்கும் தட்டு சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடிகளில்தான் 2.5 இன்ச் டிஸ்க் அதிகம் இழுக்கும், 1 ஆம்பியரை ஒட்டிக்கூடப் போகும். வேகம் பிடித்த பிறகு தேவை நன்றாகக் குறைந்துவிடும். தொடக்கத்தில் வோல்ட் சரிந்தால் தட்டு வேகம் பிடிக்காது, தகவலைப் படிக்கும் தலை பின்வாங்கும், மறுபடி முயற்சிக்கும். அந்தப் போராட்டம்தான் காதில் விழுகிறது.

இங்கே கேபிள் எவ்வளவு தின்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலை குறைந்த கேபிள்களில் மின்சாரத்துக்கும் 28 கேஜ் கம்பியையே (கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும்) போட்டிருப்பார்கள். அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். கேபிள் 2 மீட்டர் என்றால், மின்சாரம் போக 2, திரும்பி வர 2, ஆக 4 மீட்டர். மொத்தம் 0.85 ஓம். அதில் 0.9 ஆம்பியர் ஓடினால் கேபிளில் மட்டும் 0.77 வோல்ட் காணாமல் போகும். போர்ட்டில் 5 வோல்ட் கச்சிதமாக இருந்தாலும் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்வது 4.23 வோல்ட். அதே 2 மீட்டரில் 24 கேஜ் கம்பி இருந்தால் இழப்பு 0.3 வோல்ட்தான். அரை மீட்டர் கேபிளாக இருந்தால் கவலையே இல்லை. ஹார்ட் டிஸ்க்கோடு பெட்டியில் வரும் கேபிள் ஏன் ஒரு சாண் நீளத்துக்கு இருக்கிறது என்று இப்போது புரியும். அது குட்டையாக இருக்கிறதே என்று எக்ஸ்டென்ஷன் போடுகிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

ஆகவே, கூட வந்த குட்டை கேபிள், நேராக லேப்டாப்பில், யூஎஸ்பி 3.0 போர்ட்டில். நடுவில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி), எக்ஸ்டென்ஷன் எதுவும் கூடாது. இதிலும் அடித்தால், தனி அடாப்டர் உள்ள ஹப்பில் ஒருமுறை செருகிப் பாருங்கள். அங்கேயும் அதே சத்தம் என்றால் டிஸ்க்கின் மேல்தான் சந்தேகம். அப்புறம் திரும்பத் திரும்பச் செருகிச் சோதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் தகவல் முக்கியம் என்றால் அத்தோடு நிறுத்திவிட்டு, தகவல் மீட்பவரிடம் கொடுங்கள்.

இரண்டு போர்ட்டில் செருகும் ஒய் கேபிள் பற்றியும் கேட்பார்கள். விதிகளுக்கு உட்பட்டது இல்லை, ஆனாலும் பழைய யூஎஸ்பி 2.0 லேப்டாப்பில் வேலைக்கு ஆகும். 3.5 இன்ச் டிஸ்க் என்றால் அந்தப் பேச்சே கிடையாது, அதற்கு 12 வோல்ட்டும் தேவை. அதன் சொந்த அடாப்டர் இல்லாமல் ஓடாது.

‘பவர் சர்ஜ் ஆன் தி யூஎஸ்பி போர்ட்’ என்று விண்டோஸ் சொல்கிறது. வீட்டு மின்சாரத்தில் கோளாறா?

வீட்டு லைனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போர்ட் தரக்கூடியதைவிட ஏதோ ஒன்று அதிகம் இழுத்தது, அதனால் அந்த போர்ட்டுக்கான மின்சாரத்தை நிறுத்திவிட்டேன் என்பதுதான் அந்தச் செய்தி. ஒவ்வொரு போர்ட்டுக்குப் பின்னாலும், அல்லது இரண்டு போர்ட்டுக்குச் சேர்த்து, கரண்டை அளந்து அளவு மீறினால் வெட்டிவிடும் சின்ன சிப் ஒன்று உட்கார்ந்திருக்கும். சில மதர்போர்டுகளில், சூடானால் தடை ஏறி, ஆறினால் பழைய நிலைக்குத் திரும்பும் பாலிஃப்யூஸ் இருக்கும்.

சாதனத்தைப் பிடுங்குங்கள். ஒரு நிமிடம் விடுங்கள். மவுஸ் மாதிரி சாதுவான ஒன்றைச் செருகிப் பாருங்கள். வேலை செய்தால் போர்ட் பிழைத்துவிட்டது, பிடுங்கிய சாதனமோ அதன் கேபிளோதான் குற்றவாளி. மறுபடியும் அதே செய்தி வந்தால் லேப்டாப்பை முழுமையாக அணைத்து, டார்ச் அடித்து போர்ட்டுக்குள் பாருங்கள். நடு நாக்கில் உள்ள தகடு ஒன்று வளைந்து பக்கத்து உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

இந்த அறிவிப்பையே வராமல் நிறுத்திவிட சில இடங்களில் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள்.

எதையுமே செருகவில்லை. அப்போதும் அந்தச் செய்தி வருகிறதே?

லேப்டாப்புக்குள்ளேயே யூஎஸ்பி சாதனங்கள் இருக்கின்றன. வெப்கேம், புளூடூத், கைரேகை உணரி, சில மாடல்களில் கார்டு ரீடர், எல்லாம் உள்ளுக்குள் யூஎஸ்பி வழியாகத்தான் பேசும். மூடியைத் திறந்து மூடும்போது மட்டும் செய்தி வந்தால், கீல் வழியாகப் போகும் வெப்கேம் கேபிளின் மேல்தோல் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. இல்லையென்றால் போர்ட்டுக்குள் ஈரம், பச்சைப் பூத்த துரு, ஒடிந்துபோன பிளக்கின் துண்டு. காபி, தண்ணீர் எதுவும் சமீபத்தில் சிந்தியிருந்தால் மேலே படிக்க வேண்டாம். அணைத்து, அடாப்டரைப் பிடுங்கி, திறந்து பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, அப்புறம் நின்றுவிடுகிறது. ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் மவுஸ் வருவதில்லை.

இப்போதுதான் விண்டோஸ் செட்டிங் பக்கம் போக வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்த, சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தை விண்டோஸ் தூங்க வைக்கும். செலக்டிவ் சஸ்பெண்ட் என்று பெயர். நல்ல சாதனம் கூப்பிட்டால் எழும். சில சாதனங்கள் எழாது.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போங்கள். நடப்பில் இருக்கும் திட்டத்தில் ‘சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்’, பிறகு ‘சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்’. அங்கே யூஎஸ்பி செட்டிங்ஸுக்குள் செலக்டிவ் சஸ்பெண்ட் இருக்கும். ‘ஆன் பேட்டரி’, ‘பிளக்டு இன்’ என்று இரண்டு வரி, இரண்டையும் டிசேபிள் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் பயனில்லை என்பவர்கள் ஏராளம். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் இந்த வரியே கண்ணில் படாது. அப்படியென்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ் பட்டியலில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பின் பிராப்பர்ட்டீஸுக்கும் போய், பவர் மேனேஜ்மென்ட் தாவலில் ‘அலவ் தி கம்ப்யூட்டர் டு டர்ன் ஆஃப் திஸ் டிவைஸ் டு சேவ் பவர்’ என்பதில் உள்ள டிக்கை எடுங்கள். மவுஸ், கீபோர்டு என்றால் அவற்றின் சொந்தப் பதிவிலும் இதே தாவல் இருக்கலாம். செட்டிங்ஸில் யூஎஸ்பி பக்கத்தில் திரை அணைந்ததும் சாதனங்களை நிறுத்தும் பேட்டரி சேவர் ஒன்றும் உண்டு, அதையும் பாருங்கள்.

இதனால் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். எல்லா ஹப்பிலும் டிக்கை எடுத்துப் பிரச்சினை தீர்ந்தால், ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு எந்த ஹப் காரணம் என்று கண்டுபிடித்து அதை மட்டும் விட்டுவிடலாம். சோம்பலாக இருந்தால் அப்படியே இருக்கட்டும், குடி முழுகிவிடாது.

சார்ஜரில் இருக்கும்போது சரி, பேட்டரியில் ஓடும்போது மட்டும் தகராறு. ஏன்?

மேலே சொன்ன ‘ஆன் பேட்டரி’ வரிதான் முதல் சந்தேகம். இரண்டாவது, லேப்டாப் தயாரிப்பாளரின் சொந்த மின்சேமிப்பு நிரல் எதுவும் ஓடுகிறதா என்று பாருங்கள். சார்ஜ் குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே போனால் போர்ட் வழியாக சார்ஜ் கொடுப்பதை நிறுத்தும் வசதி சிலவற்றில் இருக்கிறது.

அணைத்துவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார்களே, இது மந்திரமா?

மந்திரம் மாதிரிதான் இருக்கும், காரணம் உண்டு. லேப்டாப்புக்குள் மின்சாரத்தை நிர்வகிக்க எம்பெடட் கன்ட்ரோலர் என்று ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் அது விழித்தே இருக்கும், பேட்டரியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டு. கரண்ட் மீறியபோது ‘இந்த போர்ட்டை மூடு’ என்று எடுத்த முடிவை அது பிடித்துக்கொண்டு இருந்தால், சாதாரண ரீஸ்டார்ட்டில் அது மாறாது. அடாப்டரைப் பிடுங்கி, கழற்ற முடிந்த பேட்டரி என்றால் கழற்றி, எல்லா யூஎஸ்பி சாதனங்களையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி பிடித்தால் மிச்சமிருக்கும் மின்னூட்டமும் வடியும், அது புதிதாகத் தொடங்கும். கழற்ற முடியாத பேட்டரி உள்ள மாடல்களில் சிலவற்றுக்கு அடியில் ஊசி நுழையும் ரீசெட் துளை இருக்கும், சிலவற்றில் பயாஸுக்குள் பேட்டரியைத் தற்காலிகமாகத் துண்டிக்கும் வழி இருக்கும். கையேட்டைப் பாருங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் கிடையாது, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அப்படியே எழும். ரீஸ்டார்ட்தான் முழுசு. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுனை அழுத்தினாலும் முழுசாக அணையும்.

லேப்டாப் அணைந்திருக்கும்போதும் போன் சார்ஜ் ஆக வேண்டும். முடியுமா?

அதற்கென்று ஒதுக்கிய போர்ட் இருந்தால் முடியும். பக்கத்தில் பேட்டரி படமோ மின்னல் குறியோ போட்டிருக்கும். டைப்-சி பக்கத்தில் இருக்கும் மின்னல் அம்பு தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பின் சின்னமாக இருக்கலாம், குழப்பிக்கொள்ளாதீர்கள். மஞ்சள், சிவப்பு நிற போர்ட் என்றால் எப்போதும் மின்சாரம் வரும் என்று சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம், அந்த நிறங்களுக்குப் பொது விதி எதுவும் கிடையாது. பயாஸுக்குள் ‘ஆல்வேஸ் ஆன் யூஎஸ்பி’, ‘பவர்ஷேர்’, ‘ஸ்லீப் அண்ட் சார்ஜ்’ மாதிரி ஒரு வரி இருக்கும், நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். அதை எனேபிள் செய்ய வேண்டும். இரவில் அணைத்து வைத்த லேப்டாப் காலையில் சார்ஜ் குறைந்து கிடக்கிறது என்பவர்களுக்கும் அதே வரிதான் பதில், அவர்கள் டிசேபிள் செய்ய வேண்டும்.

ஹப் வாங்கினால் எல்லாம் தீருமா?

அடாப்டர் இல்லாத ஹப் வாங்கினால் இருக்கிற தொல்லையும் கூடும். ஒரே போர்ட்டின் மின்சாரத்தைத்தான் அது நான்காகப் பிரிக்கிறது. யூஎஸ்பி 2.0 ஹப்பில் விதிப்படி ஒரு கிளைக்கு 100 மில்லிஆம்பியர்தான் உத்தரவாதம். மவுஸ், கீபோர்டு, பென் டிரைவுக்குச் சரி. இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்ட வேண்டும் என்றால் தனி அடாப்டர் உள்ள ஹப்தான் வாங்க வேண்டும்.

அதிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். லேப்டாப்பை அணைத்து, அதன் சார்ஜரையும் பிடுங்கிவிட்டு, அடாப்டர் ஓடும் ஹப்பை மட்டும் செருகி வையுங்கள். லேப்டாப்பில் ஏதாவது விளக்கு மினுக்கினாலோ, ஆன் செய்யும்போது அது தடுமாறினாலோ, ஹப் தன் 5 வோல்ட்டைப் பின்பக்கமாக லேப்டாப்புக்குள் தள்ளுகிறது. மட்டமான ஹப்களில் இந்தக் குறை உண்டு. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் ‘பவர் ரெக்வயர்டு’ என்று ஒரு எண் காட்டுகிறதே?

அது அளந்த எண் கிடையாது. எனக்கு இவ்வளவு வேண்டும் என்று சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. உண்மையில் இழுப்பது அதைவிடக் குறைவாகவும் இருக்கும், மோசமான சாதனத்தில் அதிகமாகவும் இருக்கும். உண்மை தெரிய வேண்டும் என்றால் போர்ட்டுக்கும் சாதனத்துக்கும் நடுவில் செருகும் சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒன்று வாங்குங்கள். வோல்ட், ஆம்பியர் இரண்டையும் திரையில் காட்டும். இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு அது ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடும். சாதனம் ஓடும்போது வோல்ட் 4.75க்கு மேலே நின்றால் போர்ட் நலம். சும்மா இருக்கும்போது 5.1 காட்டி, டிஸ்க் சுழலும்போது 4.4க்குச் சரிந்தால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. மீட்டரை முதலில் லேப்டாப் பக்கம் செருகிப் பாருங்கள், பிறகு கேபிளின் மறுமுனையில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கேபிள் தின்றது.

டைப்-சி போர்ட்டில் மல்டிமீட்டர் வைத்தால் 0 வோல்ட் காட்டுகிறது. செத்துவிட்டதுதானே?

இல்லை, அது அப்படித்தான் காட்ட வேண்டும். டைப்-ஏ போர்ட்டில், லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால், ஒன்றும் செருகாவிட்டாலும் 5 வோல்ட் நிற்கும். டைப்-சி போர்ட் ஆள் வந்தால்தான் விளக்குப் போடும். செருகிய சாதனத்துக்குள் சிசி என்ற இரண்டு முனைகளிலும் தலா ஒரு 5.1 கிலோ ஓம் மின்தடை இருக்கும். அதைக் கண்ட பிறகுதான் லேப்டாப் அந்த போர்ட்டுக்கு 5 வோல்ட்டைத் திறந்துவிடும். காலியான டைப்-சியில் 0 வோல்ட் பார்த்துவிட்டு மதர்போர்டை மாற்றச் சொல்கிறவர்களிடமிருந்து சற்று விலகியே இருங்கள்.

இதன் மறுபக்கம்தான் இன்னொரு புகார்: ‘இந்த விளக்கு டைப்-ஏ கேபிளில் சார்ஜ் ஆகிறது, இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் ஆகவே இல்லை.’ விளக்கைத் தயாரித்தவர் அந்த இரண்டு குட்டி மின்தடைகளை மிச்சம் பிடித்திருக்கிறார். போர்ட்டுக்கு அப்படி ஒரு சாதனம் வந்திருப்பதே தெரியாது, அதனால் மின்சாரத்தைத் திறக்காது. லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. டைப்-ஏ கேபிளையே வைத்துக்கொள்ளுங்கள்.

டைப்-சி பிளக்கைத் திருப்பிச் செருகினால் மட்டும் வேலை செய்கிறதா? அப்படியானால் ஒரு பக்க முனைகளில் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. முதலில் வேறு கேபிளில் இதே சோதனையைச் செய்யுங்கள், பிறகு போர்ட்டைச் சுத்தம் செய்யுங்கள்.

டைப்-சி வழியாக லேப்டாப்பையே சார்ஜ் செய்யும்போது ‘ஸ்லோ சார்ஜர்’ என்று வருகிறது.

சார்ஜரின் வாட் போதவில்லை அல்லது கேபிள் தடுக்கிறது. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான், 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் உள்ளே அடையாளச் சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். 100 வாட் சார்ஜரோடு சாதாரண கேபிளைப் போட்டால் 60இலேயே நிற்கும். எல்லா டைப்-சி போர்ட்டும் மின்சாரத்தை உள்வாங்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட் 43, ‘அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்’ என்றெல்லாம் வந்தால்?

சாதனம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போதே தடுமாறிவிட்டது என்று பொருள். டிரைவர் காரணமாகலாம், குறைந்த வோல்ட்டும் காரணமாகலாம். கேபிள், போர்ட் மாற்றிப் பார்த்த பிறகும் இருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தை மட்டும் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சிப்செட் டிரைவரும் பயாஸ் அப்டேட்டும். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரம் செய்யும் நிரல்கள் பக்கம் போகவே வேண்டாம். யூஎஸ்பி கன்ட்ரோலர்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் அன்இன்ஸ்டால் செய்தால் மவுஸும் கீபோர்டும் கையை விட்டுப் போகலாம். பதறாமல் ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் திரும்பப் போட்டுக்கொள்ளும்.

மேக்கிலும் லினக்ஸிலும் இதே கதைதானா?

மின்சாரம் அதேதான். மேக்கில் ‘யூஎஸ்பி ஆக்சசரீஸ் டிசேபிள்டு’ என்று வந்தால் அதுவும் கரண்ட் மீறல்தான், அதிகம் இழுக்கும் சாதனத்தைப் பிடுங்கச் சொல்கிறது. ஆப்பிள் சிலிக்கான் லேப்டாப்பில் சாதனம் சார்ஜ் ஆகிறது, ஆனால் தெரியவில்லை என்றால், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் ஆக்சசரிகளை இணைக்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி மறுத்தாலும் சார்ஜ் ஏறும். லினக்ஸில் கெர்னல் பதிவைத் திறந்து ‘ஓவர் கரண்ட்’ என்ற சொல்லைத் தேடுங்கள், இருந்தால் ஹார்டுவேர் பக்கம் போய்விடலாம். பவர்டாப் என்ற மின்சேமிப்பு நிரலில் ஆட்டோ டியூன் கொடுத்திருந்தால், மவுஸ் தூங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஹார்ட் டிஸ்க் மாட்டினால் ஒயர்லெஸ் மவுஸ் திக்குகிறது. பவர் போதவில்லையா?

பெரும்பாலும் இது மின்சாரத் தகராறே கிடையாது. யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும், ஒயர்லெஸ் மவுஸும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. ரிசீவரை எதிர்ப்பக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் போட்டு டிஸ்க்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

போர்ட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

அணைத்து, அடாப்டரைப் பிடுங்கிய பிறகு. ஊசி, சேஃப்டி பின், ஸ்க்ரூ டிரைவர் எதுவும் வேண்டாம், மரக் குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோ போதும். பஞ்சை வெளியே எடுத்து, காற்று டப்பாவால் குறுகிய வீச்சாக ஊதுங்கள். கறை படிந்திருந்தால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துளி தொட்டு, மென்மையான தூரிகையால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரமும் சேர்ந்து போகும்.

இத்தனையும் செய்தாகிவிட்டது, போர்ட் எழவில்லை. மதர்போர்டு மாற்றச் சொல்கிறார்களே?

உடனே சம்மதிக்காதீர்கள். பல லேப்டாப்புகளில் ஒரு பக்கத்து போர்ட்டுகள் மதர்போர்டிலேயே இருக்காது. சின்னத் தனி போர்டில் இருக்கும், தட்டை ரிப்பன் கேபிள் ஒன்று அதை மதர்போர்டோடு இணைக்கும். அந்தப் பக்கத்து போர்ட்டுகள், கார்டு ரீடர், ஹெட்போன் துளை எல்லாம் சேர்ந்து போயிருந்தால் சந்தேகம் அந்த ரிப்பன் மேல்தான். சில சமயம் கழன்றிருக்கும், மாட்டினால் போதும். இல்லையென்றால் அந்தச் சின்ன போர்டை மட்டும் மாற்றலாம்.

ஒரே ஒரு போர்ட் மட்டும் ஆடுகிறது, பிளக் தொங்குகிறது என்றால் சாக்கெட்டின் பற்றவைப்பு (சால்டர்) விட்டிருக்கும். அதை மட்டும் மாற்ற முடியும். சாக்கெட் உறுதியாக இருந்து 5 வோல்ட் மட்டும் வரவில்லையென்றால் பவர் சுவிட்ச் சிப்போ ஃப்யூஸோ போயிருக்கலாம், சிப் அளவில் வேலை பார்க்கத் தெரிந்தவருக்கு அது பெரிய வேலையில்லை. ஆக, பழுது பார்ப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘எவ்வளவு ஆகும்’ என்பதற்கு முன்னால், ‘5 வோல்ட் எதுவரை வருகிறது என்று அளந்தீர்களா?’ அளக்காமல் மதர்போர்டு என்று சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள். வாரன்டி இருந்தால் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், திறக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.